நிற்கும் உருவம் ஒரு பக்கம், உட்கார்ந்த உருவம் மறுபக்கம் உள்ள செப்புக்காசு ராஜராஜ சோழனுடையதா?

இருக்கலாம், ஆனால் உருவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இலங்கையில் பொலன்னறுவை மன்னர்கள் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், அரசி லீலாவதி எல்லோரும் இதே அமைப்பில் காசு வெளியிட்டார்கள். பிரித்துக் காட்டுவது எழுத்துதான். உட்கார்ந்த உருவத்துக்கு வலப்பக்கம், கைக்குக் கீழே பாருங்கள். தமிழ் எழுத்தைத் தேடாதீர்கள், அங்கே இருப்பது நாகரி, அதாவது இன்றைய இந்தி எழுத்தின் முன்னோடி. ‘ஸ்ரீ ராஜராஜ’ என்று மேலிருந்து கீழாக வரும். முதல் வரிகளோடு நிறுத்திவிடக் கூடாது: லீலாவதி காசும் ‘ஸ்ரீ ராஜ’ என்றே தொடங்கும், ‘லீலாவதி’ அப்புறம்தான். இருவருக்கும் நடுவே ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள்!

புலியும் அருகே மீனும் வில்லும் இருந்தால் அது சோழரின் வேறு வகை.

எழுத்து மங்கலாக இருந்தால் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படம் எடுங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மிச்ச எழுத்தும் போய்விடும்.