அணு ஆராய்ச்சியும் அரசின் சட்டக் கருத்தும்: எழுபதுகள் பற்றிய கேள்வி பதில்

சட்டத்துறையில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்று, இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். ஒப்பந்தம், சட்டம், அரசுக்குத் தரப்படும் கருத்து பற்றியெல்லாம் கேளுங்கள். உலைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் ஒரு வரிதான் வரும்.

மணவாளக்குறிச்சியிலிருந்து: எங்கள் கடற்கரைக் கருமணலில் மத்திய அரசுக்கு இவ்வளவு உரிமை எப்படி வந்தது? மாநிலம் அப்போதே மறித்திருக்கலாமே?

மறிக்க வழியில்லை. அரசமைப்பின் ஏழாம் அட்டவணை, முதல் பட்டியல், 6ஆம் பதிவைப் பாருங்கள். அணுசக்தியும் அதற்குத் தேவையான கனிமங்களும் ஒன்றிய அரசுக்கு என்று எழுதியே வைத்துவிட்டார்கள். அதன்மேல் 1962 அணுசக்திச் சட்டமும் வந்தது. உங்கள் மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில், அணு எரிபொருளாக மாற்றக்கூடிய தோரியம் இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம்ம பக்கத்திலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். தேங்காய் நாரோடு தோரியமும் கப்பலேறியிருக்கிறது! 1950இல் தொடங்கிய, இந்த மணலைப் பிரிக்கும் ஐ.ஆர்.இ. (இந்தியன் ரேர் எர்த்ஸ்) 1963இல் முழுக்க மத்திய அரசு நிறுவனமானது. எழுபதுகளுக்கு முன்பே இந்தக் கதை முடிந்துவிட்டது.

முட்டத்திலிருந்து: கூடங்குளம் ஒப்பந்தத்துக்குச் சட்டக் கருத்து வாங்கினார்களா?

அது 1988 ஒப்பந்தம். இங்கே பேசுவது எழுபதுகள்.

குளச்சலிலிருந்து: அட்டர்னி ஜெனரல் ஒன்று சொன்னால் அரசு அதை மீற முடியுமா?

தாராளமாக. அவர் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர். அரசமைப்பின் 76ஆம் பிரிவு அவரை ஆலோசனை சொல்லச் சொல்கிறது, அவ்வளவுதான். ஏற்பதும் விடுவதும் அரசின் பாடு. 143ஆம் பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடமே கருத்து கேட்பது வேறு சமாச்சாரம், இரண்டையும் குழப்பாதீர்கள். நான் எப்போதும் சொல்வதுதான்: கருத்தைப் படிக்கும்முன், அவரிடம் என்ன கேள்வி கேட்டார்கள் என்று பாருங்கள். கேள்வியைச் சுருக்கிக் கேட்டால் பதிலும் சுருங்கித்தான் வரும்.

தக்கலையிலிருந்து (ஓய்வுபெற்ற ஆசிரியர்): 1974இல் பொக்ரானில் வெடித்தது கனடா ஒப்பந்தத்தை மீறியதா? நான் இல்லை என்கிறேன்.

சார், இதற்காகத்தான் காத்திருந்தேன். பொக்ரானில் வெடித்த புளூட்டோனியம் வந்தது மும்பை டிராம்பேயில் இருந்த சைரஸ் ஆராய்ச்சி உலையிலிருந்து. அந்த உலை கனடா தந்தது, 40 மெகாவாட் வெப்பத்திறன். 1956 ஒப்பந்தம் உலையையும் அதிலிருந்து வருவதையும் அமைதிப் பணிக்கு மட்டும் பயன்படுத்தச் சொன்னது. வெடிப்பு கூடாது என்று அதில் ஒரு சொல் இல்லை. சர்வதேச அணுசக்தி முகமையே 1957இல்தான் பிறந்தது, அதனால் அதன் கண்காணிப்பும் இல்லை. 'அமைதிக்கான வெடிப்பு' என்பது அன்று கேலிச்சொல்லும் அல்ல. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவே அமைதிக்கான வெடிப்பின் பலன்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் ஆயுதமில்லா நாடுகள் தாங்களே வெடிப்பதை அந்த ஒப்பந்தம் தடுத்தது. அதில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை.

1971 அக்டோபரில் கனடா பிரதமர் ட்ரூடோ, வெடித்தால் ஒத்துழைப்பை மறுபரிசீலனை செய்வோம் என்று எழுதினார். ஒப்பந்தக் கடமையை ஒரு தரப்பு தனியாக மாற்ற முடியாது, நடக்காத ஒன்றை வைத்து இப்போது விளக்கம் தேவையில்லை என்ற கருத்தில் இந்திரா பதில் எழுதினார். வக்கீல் வேலை என்றால் இதுதான். எழுத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நம் பக்கம் வாதம் இருக்கிறது.

மார்த்தாண்டத்திலிருந்து (வழக்கறிஞர்): ஐயா, கனநீரை விட்டுவிட்டீர்களே? அது அமெரிக்கா கொடுத்தது!

விடவில்லை தம்பி, அந்த இடம்தான் பலவீனம். சைரஸ் உலை ஓடத் தேவையான 21 டன் கனநீர், அதுவும் 1956இல் அமைதிப் பணிக்கு என்ற நிபந்தனையோடு வந்தது. 1970 நவம்பரிலேயே அமெரிக்கா, இதை வைத்து உண்டாக்கிய புளூட்டோனியத்தை வெடிக்கப் பயன்படுத்தினால் எங்கள் புரிதலுக்கு விரோதம் என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டது. தெரியாது என்று சொல்ல வழியில்லை.

தக்கலை மறுபடியும்: ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்காமல் எப்படி ஒப்பந்தமாகும்?

ஆகாது சார், சரி. ஆனால் எதிர்த்தரப்பு அர்த்தத்தை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியும் வாங்கிய பொருளை நாம் கையிலேயே வைத்திருந்தால், நல்லெண்ணம் பற்றிய கேள்வி எழும். என் கணக்கில் கனடாவிடம் தப்பிக்கலாம், கனநீரில் வியர்க்கும். வழக்கு எங்கும் போகவில்லை. கனடா 1974 மே மாதமே உதவியை நிறுத்தி, 1976இல் முற்றிலும் கைகழுவியது. ராஜஸ்தான் இரண்டாம் உலையை நாமே முடிக்க வேண்டி வந்தது. மார்த்தாண்டம் தம்பியும் தக்கலை சாரும் இனி தனியாகச் சண்டை போடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

குலசேகரத்திலிருந்து: கூடங்குளம்...

முட்டத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திங்கள்நகரிலிருந்து: அந்தக் காலத்துச் சட்டக் கருத்துகளை இப்போது வாங்க முடியுமா?

முயலலாம். முதலில் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். 1993 பொதுப் பதிவேடுகள் சட்டப்படி, அங்கே ஒப்படைக்கப்பட்ட, ரகசியம் என்று வகைப்படுத்தாத, முப்பது வருடம் தாண்டிய கோப்புகளை ஆய்வாளர்கள் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் பத்து ரூபாயில் தகவல் உரிமை மனு. இருபது வருடத்துக்கு முந்தைய விஷயங்களில் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவு பெரும்பாலான விலக்குகளை விலக்கிவிடுகிறது. நாட்டின் பாதுகாப்பு, அறிவியல் நலன், வெளிநாட்டு உறவு என்ற காரணமும், நாடாளுமன்றச் சிறப்புரிமை, அமைச்சரவைக் கோப்பு என்ற காரணங்களும் மட்டும் நிற்கும், முதலாவதைத்தான் உங்கள்மேல் வீசுவார்கள். முன்பு 1962 சட்டத்தின் 18ஆம் பிரிவு ரகசியத்தைக் காட்டினால், தகவல் சட்டத்தின் 22ஆம் பிரிவு மற்றச் சட்டங்களை மீறி நிற்கும் என்று மேல்முறையீட்டில் எழுத முடிந்தது; 2025இல் அந்த 1962 சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேறிவிட்டது. 'எல்லாக் கருத்துகளும்' என்று கேட்காதீர்கள். துறை, வருடம், பொருள் மூன்றையும் குறிப்பிடுங்கள்.

இரணியலிலிருந்து: வாட்ஸ்அப்பில் 1974 சட்டக் கருத்து என்று ஒரு பக்கம் வந்தது. நிஜமா?

கோப்பு எண், தேதி, கையெழுத்து இல்லாத பக்கம் காகிதம்தான். கேட்ட கேள்வியும் அதில் இல்லையே?

குழித்துறையிலிருந்து: தோரியம் இவ்வளவு இருந்தும் எழுபதுகளில் ஏன் மின்சாரம் எடுக்கவில்லை?

தோரியம் தானாகப் பிளவுபடாது, நியூட்ரானை வாங்கி யுரேனியம் 233 ஆக மாற வேண்டும். அதற்குமுன் புளூட்டோனியம் சேர வேண்டும். 1971இல் கல்பாக்கத்தில் உலை ஆராய்ச்சி மையம் தொடங்கியதே அந்த நீண்ட வழிக்குத்தான். மீதியை இயற்பியல் வாத்தியாரிடம் கேளுங்கள்.

கடியபட்டணத்திலிருந்து: கூடங்குளம் பற்றி மட்டும் ஒரு தனிக் கேள்வி பதில் வைப்பீர்களா?

வைக்கலாம். யாராவது 1988 ஒப்பந்தத்தின் நகலைக் கொண்டுவந்தால்.