திட்டமிட்டு வாழ்பவரும் போக்கில் முடிவெடுப்பவரும் ஒத்துப்போக முடியுமா?

எதையும் திட்டமிட்டே செய்பவர்களும் அந்தந்த நேரத்துக்கு ஏற்ப முடிவெடுப்பவர்களும் வேலையையும் வாழ்க்கையையும் எப்படி அணுகுகிறார்கள், இருவரும் ஒத்துப்போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதல் வகையைச் சேர்ந்தவள். ஒன்பது ஆண்டுகளாக என்னோடு ஒரே அறையில் அமர்ந்து இயந்திரங்களுக்கான பயன்பாட்டுக் கையேடுகளை எழுதிவரும் நண்பர் இரண்டாம் வகை. என் தங்கையும் அப்படித்தான். நான் அறிந்தவரை, இந்த வேறுபாடு ஒழுக்கத்திலோ உழைப்பிலோ இல்லை. மனம் எந்தக் கட்டத்தில் நிம்மதி அடைகிறது என்பதில் இருக்கிறது. ஒரு விஷயம் முடிவாகிவிட்டால்தான் என்னால் வேறு வேலையில் மனம் செலுத்த முடியும். முடிவாகிவிட்டால், கையைக் கட்டிப்போட்டது போல் என் நண்பர் தவிப்பார்.

உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் ஆளுமை வகைகளைப் பற்றி எழுதியவற்றை அடிப்படையாகக் கொண்டு, காத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸும் உருவாக்கிய மயர்ஸ்-பிரிக்ஸ் (MBTI) வினாத்தாள், ஆளுமையை நான்கு எதிரெதிர் இணைகளாகப் பார்க்கிறது. அவற்றில் நான்காவது இணையாக வருவது இந்த வேறுபாடுதான். முதல் மூன்று இணைகளுக்கு யுங்கின் எழுத்திலேயே வேர் உண்டு. நான்காவதைத் தனி அளவுகோலாக ஆக்கியவர்கள் இவர்கள் இருவரும்தான். திட்டமிடுபவருக்கு அங்கே ‘தீர்மானிப்பவர்’ என்று பெயர். அது பிறரை எடைபோடுபவர் என்ற பொருளில் வரவில்லை. வெளி உலகத்தோடு பழகும்போது விஷயங்களை முடித்துவைக்க விரும்புபவர் என்ற பொருளிலேயே வருகிறது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருப்பவர். மக்களை இப்படி இரண்டு பெட்டிகளில் அடைத்துவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானோர் இரு முனைகளுக்கும் இடையில்தான் எங்கோ நிற்கிறார்கள். ஆகவே ஆய்வாளர்கள் இன்று இதை வகையாகப் பார்ப்பதைவிட, ஒழுங்கோடு திட்டமிட்டு வேலையை முடிக்கும் ‘பொறுப்புணர்வு’ என்ற பண்பின் ஏற்ற இறக்கத்தோடு சேர்த்தே பெரும்பாலும் பேசுகிறார்கள்.

என் கருத்தை மாற்றிய ஒரு மாலைப் பொழுதைச் சொல்கிறேன். நீரேற்று இயந்திரம் ஒன்றின் கையேடு அச்சுக்குப் போக இரண்டு நாட்களே இருந்தன. எந்த அத்தியாயம் எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று நான் போட்டுவைத்திருந்த அட்டவணையில் எல்லா வரிகளும் அடிக்கப்பட்டிருந்தன. அப்போது நண்பர், அந்த இயந்திரத்தை இயக்குபவர்களிடமிருந்து பழைய கையேட்டின் ஒரு பிரதியை வாங்கிவந்து என் மேசைமேல் வைத்தார். “பாருங்க, முதல் நாற்பது பக்கம் புதுசாவே இருக்கு. கடைசிப் பத்துப் பக்கத்துலதான் கிரீஸ் கறை” என்றார். அந்தக் கடைசிப் பத்துப் பக்கங்கள் பழுது கண்டுபிடிக்கும் பகுதி. அதன் ஓரங்கள் விரல் பட்டுக் கறுத்து, ஒரு தாளின் முனையே கிழிந்திருந்தது. அதை முன்னால் கொண்டுவர வேண்டும் என்றார். எனக்கு வந்த கோபத்தை இங்கே குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கறையைப் பார்த்த பிறகு மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. நான் குறித்த தேதியிலேயே அவர் மனத்தளவிலும் வேலையை முடித்திருந்தால், அந்தப் பழைய பிரதியைத் தேடிப் போயிருக்கவே மாட்டார்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பக்கங்கள் மாறியதால் படங்களின் எண்களை எல்லாம் மீண்டும் சரிபார்க்க நேர்ந்தது. அந்த வேலையைச் செய்தவர் நண்பரும் அல்ல, நானும் அல்ல. எங்களுக்குக் கீழே இருந்த ஓர் இளைஞர். அவர் இரண்டு இரவுகள் தூங்கவில்லை. கடைசி நேர நெருக்கடியில்தான் எனக்கு நன்றாக வேலை ஓடும் என்று சொல்பவர்கள், அந்த நெருக்கடி யார் தலையில் விழுகிறது என்பதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. இதை நண்பரிடம் நேரடியாகவே சொன்னேன். அவர் அப்போதுதான் அதை முதன்முறையாக யோசித்ததாகத் தெரிந்தது.

திட்டமிடுபவர்களுக்குச் சாதகமான ஆய்வுகள் உண்டு. பாரிக், மவுண்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லாத் தொழில் பிரிவுகளிலும் பொறுப்புணர்வுக்கும் பணித்திறனுக்கும் தொடர்பு இருந்தது. ஆனால் அது மிதமான தொடர்புதான். திட்டம் போட்டுவிட்டோம் என்பதாலேயே கணக்குச் சரியாகிவிடுவதும் இல்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 34 நாட்களில் முடிப்போம் என்று கணித்தார்கள். உண்மையில் 55 நாட்களுக்கும் மேல் ஆனது. எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன 49 நாட்களும் போதவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து என் அட்டவணையை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொள்வதில்லை.

வீட்டில் இந்த வேறுபாடு இன்னும் ஆழமாகக் காயப்படுத்துகிறது. ஏனெனில் அங்கே இருவரும் மற்றவரின் சுபாவத்தை அன்புக் குறைவாக எடுத்துக்கொள்கிறோம். அடுத்த மாதம் வருகிறாயா என்று கேட்டால் தங்கை, “அக்கா, அதை இப்பவே சொல்லணுமா?” என்பாள். பல ஆண்டுகள் அதை நான், ‘உன்னைப் பார்க்க எனக்கு அவசரமில்லை’ என்றே கேட்டிருக்கிறேன். நான் திரும்பத் திரும்பக் கேட்டதை அவள், ‘உன்மேல் எனக்கு நம்பிக்கையில்லை’ என்று கேட்டிருக்கிறாள். ஒருமுறை நான் உடல்நலம் குன்றிப் படுத்தபோது, யாரும் அழைக்காமலே அன்றிரவே கைப்பையோடு வந்து நின்றவள் அவள்தான். எல்லாவற்றையும் நாட்காட்டியில் குறித்துவைக்கும் என்னால் அப்படிக் கிளம்பியிருக்க முடியுமா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

ஆகவே, ஒத்துப்போக முடியும் என்பதே என் பதில்; ஆனால் அதற்காக ஒருவர் மற்றவராக மாற முயல வேண்டாம். நண்பரும் நானும் இப்போது ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும் ஒரு தாளை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒரு பக்கம் முடிவானவை, மறுபக்கம் இன்னும் முடிவாகாதவை. முடிவாகாதவற்றுக்கு எதிரே, எந்த நாளுக்குப் பிறகு மாற்றினால் வேறொருவருக்குச் சுமையாகும் என்று மட்டும் எழுதுகிறோம். அந்த நாள்வரை நான் கேட்பதில்லை. அந்த நாளுக்குப் பிறகு அவர் மாற்றுவதில்லை. இப்போது செய்துகொண்டிருக்கும் கையேட்டில் முடிவாகாதவை நான்கு இருக்கின்றன. அவற்றில் படங்கள் பற்றிய வரிக்கு எதிரே தேதியை எழுதியது அவர்தான். நான் எழுத நினைத்ததைவிட ஒரு வாரம் முன்பாகவே எழுதியிருக்கிறார்.