கணுக்கால் ஆறிவிட்டது, இனி எந்த பாராசூட்?

கேள்வி: ஸ்கைடைவிங்கில் முதல் படியான ஏ லைசென்ஸ் வைத்திருக்கிறேன், நூறு தடவைக்கு மேல் குதித்தாயிற்று. போன வருடம் தரையிறங்கும்போது காற்றுக்கு எதிர்முகமாக வரவில்லையே என்று கடைசி நேரத்தில் ஒரு டாகிளை, அதாவது திருப்பவும் பிரேக் போடவும் இழுக்கும் கைப்பிடியை, இழுத்துத் திருப்பினேன். வலது கணுக்கால் உடைந்து, பிளேட் வைத்தார்கள். இப்போது குதிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னிடம் இருப்பது 170 சதுர அடி, ஒன்பது செல் (காற்று நிரம்பும் அறை) கொண்ட பாராசூட். பழகியதே பாதுகாப்பு என்கிறார் ஒரு நண்பர், ஏழு செல்லுக்கு மாறு என்கிறார் இன்னொருவர். இடையில் ஆறு கிலோ ஏறி 80 ஆகிவிட்டேன். எதில் குதிப்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். 230 சதுர அடி எடுங்கள், கிடைக்காவிட்டால் 210. அதையும் விலைக்கு வாங்காதீர்கள், வாடகைக்கு எடுத்துக் கொஞ்ச நாள் ஓட்டுங்கள்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். உங்கள் 80 கிலோவோடு பை, பாராசூட், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 12 கிலோ என்று வையுங்கள், மொத்தம் 92 கிலோ, அதாவது சுமார் 203 பவுண்டு. இதை 170 ஆல் வகுத்தால் 1.19. இதுதான் விங் லோடிங், ஒரு சதுர அடி துணி சுமக்கும் பவுண்டு. பழைய எடையில் இதே பாராசூட்டில் இது 1.1 சொச்சம்தான், ஆக, பழகியது என்று நண்பர் சொல்லும் அந்த பாராசூட் இப்போது முன்பைவிட வேகமாகத்தான் பறக்கும். 210 என்றால் 0.97, 230 என்றால் 0.88. ஒரே டிசைனில் வேகம் இந்த எண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறி இறங்கும், அதனால் 1.19 இலிருந்து 0.88க்கு வந்தால் வேகம் 14 சதவீதம் போலத்தான் குறையும், ஆனால் தரையில் மோதும் ஆற்றல் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். கணுக்காலுக்கு வேண்டியது அந்த இரண்டாவது கணக்கு.

பெரிசு என்றாலே நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். பலமான காற்றில் பெரிய பாராசூட் முன்னேறாமல் பின்னுக்குப் போகும், கொந்தளிப்பான காற்றிலும் அதிகம் ஆடும், எனவே காற்று ஏறிய நாளில் பேசாமல் தரையிலேயே உட்கார்ந்திருங்கள். அப்புறம், துணி. நிறையக் குதித்துத் தேய்ந்துபோன எஃப்-111 என்ற பழைய ரகத் துணியில் காற்று கசியும், கடைசியில் இரண்டு டாகிளையும் இழுத்து வேகத்தைக் குறைக்கும் அந்த ஃப்ளேரின்போது தூக்கிக் கொடுக்காது. அந்த மாதிரி 230ஐவிட, நல்ல நிலையில் இருக்கிற, காற்று கசியாத ஜீரோ போரோசிட்டி துணியில் செய்த 210 எவ்வளவோ மேல். ஸ்பெக்ட்ரா என்ற இழையில் செய்த கயிறுகள் நாளடைவில் சுருங்கும், முக்கியமாக டாகிளோடு சேர்ந்த பிரேக் கயிறுகள். டாகிளை முழுதாக மேலே விட்டிருக்கும்போதும் பாராசூட்டின் பின்விளிம்பு கீழே இழுபட்டிருந்தால் பாராசூட்டைப் பழுதுபார்க்கும் ரிக்கரிடம் காட்டிவிட்டுத்தான் குதிக்க வேண்டும்.

ஏழு செல் கொஞ்சம் செங்குத்தாக இறங்கும், நெருக்கடியான இடத்தில் இறங்க அது வசதி. தட்டையாக மிதந்து வந்து, நிதானமாக ஃப்ளேர் செய்ய ஒன்பது செல்தான் பொதுவாகத் தோது. நீள்வட்ட வடிவம் பக்கமே போகாதீர்கள்.

ஆனால் ஒன்று சொல்லட்டுமா, உங்கள் காலை உடைத்தது 170 இல்லை, தாழ்வில் போட்ட அந்தத் திருப்பம். ஒரு டாகிளை ஆழமாக இழுத்தால் பாராசூட் மூக்கைச் சாய்த்துப் பாய்கிறது, நீங்கள் பக்கவாட்டில் வீசப்படுகிறீர்கள், அது நிமிர்வதற்குள் தரை வந்துவிடுகிறது. 230 இலும் இதைச் செய்தால் உடையும், சற்று மெதுவாக உடையும், அவ்வளவுதான். காற்று பக்கவாட்டில் இருந்தால் இருக்கட்டும். பாராசூட் சாயாமல் மட்டமாக வந்து, இரண்டு டாகிளையும் சமமாக இழுத்து, உருண்டுவிட்டால் புல்கறையோடு போகும். திரும்பியே ஆக வேண்டும் என்றால் இரண்டு டாகிளையும் பாதி இழுத்து அரை பிரேக்கில் வைத்துக்கொண்டு, திரும்ப வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்க டாகிளைக் கொஞ்சம் மேலே விடுங்கள். பாராசூட் பாயாமல், தட்டையாகத் திரும்பும். இதை உயரத்திலேயே, 2,500 அடிக்கு மேல், கை தானாகச் செய்யும்வரை பழகுங்கள்.

இன்னொரு சங்கதி. அடிபட்டவர்கள் அந்தக் காலைத் தங்களை அறியாமலே தூக்கிக்கொள்வார்கள், முழுப் பாரமும் நல்ல காலில் இறங்கி அதுவும் போகும். சிலர் கால் வேண்டாம் என்று உட்கார்ந்தபடியே சறுக்குவார்கள், அது முதுகெலும்புக்குக் கேடு. இரண்டு காலும் ஒட்டி, முழங்கால் லேசாக மடங்கி, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு என்று பக்கவாட்டில் உருளும் அந்த பிஎல்எஃப்பை (பாராசூட் லேண்டிங் ஃபால்) தரையில் பழகுங்கள். டாக்டரிடமும் "குதிக்கலாமா" என்று மட்டும் கேட்காமல், இப்படி உருள்வதைச் செய்து காட்டி, பிளேட் தாங்குமா என்று கேளுங்கள்.

உங்கள் பையில் 230 நுழையாது, திணிக்கவும் பார்க்காதீர்கள், அதற்கும்தான் வாடகை செட் என்றேன். அதில் இருக்கும் ரிசர்வ், அதாவது அவசர பாராசூட்டின் அளவையும் பாருங்கள், மெயின் பாராசூட் மக்கர் செய்கிற அன்று அதே கணுக்கால் ரிசர்வில்தான் இறங்கப்போகிறது. ஏ லைசென்ஸ்காரர் 60 நாள் குதிக்காமல் இருந்தாலே இன்ஸ்ட்ரக்டர் மேற்பார்வையில்தான் திரும்ப வேண்டும் என்று அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ சொல்கிறது. உங்களுக்கு ஒரு வருடம்.

கேள்வி: எனக்கு அடிபட்டது முதுகில். தரையைவிட, பாராசூட் விரியும்போது வரும் அந்த உலுக்கல்தான் பயம். இதற்கும் பெரிய பாராசூட்தானா?

பதில்: இல்லை, உங்களுக்கு முக்கியம் மெதுவாக விரிகிற மாடலும், ஒழுங்கான பேக்கிங்கும். மடிக்கும்போது ஸ்லைடர், அதாவது கயிறுகளில் வழுக்கி இறங்கி விரிவதை மெதுவாக்கும் துணி, அதன் ஸ்டாப்புகளை முட்டி நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், அது நழுவினால் அடி பலமாக விழும். நீளாத மெல்லிய கயிறுகளைவிட டேக்ரான் கயிறு அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், தடிமனாக இருப்பதால் பையில் இடம் பிடிக்கும் என்பதுதான் தொல்லை. வேகத்தைக் குறைத்து, தோள் இரண்டும் மட்டமாக இருக்கும்போது இழுங்கள். தலை கீழாகப் பறந்துவிட்டு உடனே இழுப்பதெல்லாம் இனி உங்களுக்கு ஆகாது.