கண்ணாடி மேல் வைரப் பூச்சு: கேட்டதும் சொன்னதும்

மெல்லிய படலப் பூச்சு வேலையில் இருக்கிறேன், கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

இயற்பியல் மாணவி: மீத்தேனிலிருந்து வைரம் வளர்க்கலாம் என்கிறார்களே அண்ணா, ஜன்னல் கண்ணாடி மேல் ஏன் வளர்ப்பதில்லை?

வைரம் வளரும்மா, கண்ணாடிதான் தாங்காது. ஹைட்ரஜனில் சுமார் 1 சதவீதம் மீத்தேனைக் கலந்து, மைக்ரோவேவ் பிளாஸ்மாவிலோ (மின்னேற்றம் பெற்ற வாயு) 2000 டிகிரிக்கு மேல் தகிக்கும் கம்பியிலோ அந்த வாயுவை உடைக்கிறோம். கார்பன் வைரமாகவும் படியும், பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட்டாகவும் படியும். தனி அணுவாகப் பிரிந்த ஹைட்ரஜன், கிராஃபைட்டை மட்டும் வேகமாக அரித்துவிடுவதால் வைரம் மிஞ்சுகிறது. ஆனால் பூச்சு ஏறும் பரப்பு பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். ஜன்னல் கண்ணாடியோ 550 டிகிரி பக்கத்திலேயே இளக ஆரம்பித்துவிடும்.

சரி, சூட்டைக் குறைக்கலாமே என்பீர்கள். 400 டிகிரிக்குக் கீழே வளர்க்கவும் வழி இருக்கிறது, வளர்ச்சிதான் மெதுவாக நடக்கும். அப்புறம் இன்னொரு சிக்கல் வரும். ஒரு டிகிரி சூட்டுக்கு ஜன்னல் கண்ணாடி பத்து லட்சத்தில் 9 பங்கு விரியும், வைரம் சுமார் 1 பங்குதான். ஆறும்போது கண்ணாடி சுருங்குகிறது, வைரம் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. நெருக்கப்பட்ட படலம் ஈரச்சுவர் பெயின்ட் மாதிரி உப்பி உரிந்துவிடும். ராத்திரி முழுக்க வளர்த்த படலம் காலையில் செதில் செதிலாகக் கிடந்ததைப் பார்த்தவன் நான். அன்று மனசு விட்டுப்போனது. குவார்ட்ஸ் கண்ணாடி சுமார் 0.5 பங்குதான் விரியும், சூட்டையும் தாங்கும். அதனால் சோதனைகளுக்கு அதைத்தான் முதலில் எடுப்போம்.

அதே மாணவி: விதைப்பு என்றால் என்ன?

வெறும் கண்ணாடியில் வைரம் லேசில் முளைக்காது, அதனால் முதலில் வைரத்துகளையே விதையாகத் தூவுகிறோம். 5 நானோமீட்டர் அளவு வைரத்துகள் கலந்த திரவத்தில் கண்ணாடியை முக்கி, அல்ட்ராசானிக் அதிர்வு கொடுக்கிறோம். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரம் கோடித் துகளாவது ஒட்டினால் நல்லது. நெருக்கமாக விதைத்தால்தான் மெல்லிய படலமாக இருக்கும்போதே இடைவெளி இல்லாமல் மூடும். விரல் ரேகை பட்ட இடத்தில் ஓட்டைதான்.

செல்போன் கடைக்காரர்: "டைமண்ட் கோட்டிங், 9எச்" என்று டெம்பர்டு கிளாஸ் வருகிறதே சார், வைரமா?

பெரும்பாலும் பெயரில் மட்டும்தான் வைரம். 9எச் என்பது பென்சில் கடினத்தின் அளவு. அந்தப் பென்சிலால் கீறினால் கோடு விழவில்லை என்று அர்த்தம், அவ்வளவே. வைரத்துக்குச் சொல்லும் 10 வேறு அளவுகோல், மோஸ் அளவுகோல். அதில் கண்ணாடி 5.5 பக்கம், மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. சட்டைப்பையில் இருக்கும் மணல் துகள் கண்ணாடியைக் கீறுவது அதனால்தான். வாடிக்கையாளரிடம் இதைத் தயவுசெய்து சொல்லி விற்றுவிடுங்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவர்: வைரப் படலம் போட்டால் இன்னும் பளிச்சென்று தெரியுமா?

இல்லைங்க, நேர்மாறு. வைரத்தின் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) 2.42, கண்ணாடியைவிட மிக அதிகம், அதனால் ஒளியை அதிகமாகத் திருப்பும். சும்மா இருக்கும் கண்ணாடிப் பரப்பு 4 சதவீத ஒளியைத் திருப்பும். அதன் மேல் 57 நானோமீட்டர் வைரம் ஏற்றினால், கணக்குப்படி பச்சை ஒளியில் மூன்றில் ஒரு பங்கு திரும்பிவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: அப்படியானால் இது எங்கேதான் பயன்படுகிறது?

ஐயா, நீங்களே பார்த்திருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: சூப்பர் மார்க்கெட்டில் பார்கோடு படிக்கும் கண்ணாடி. நாள் முழுக்க டின்கள் உரசுகிற அந்தக் கண்ணாடிக்கு வைரம் போன்ற கார்பன் பூச்சு போடும் வழக்கம் இருக்கிறது. அது முழு வைரம் இல்லை. வைரப் பிணைப்பும் கிராஃபைட் பிணைப்பும் ஒழுங்கில்லாமல் கலந்தது, லேசாகப் பழுப்பு நிறம் அடிக்கும். 200 டிகிரிக்குக் கீழேயே படிய வைக்கலாம் என்பதுதான் கண்ணாடிக்குப் பெரிய வரம். வெப்பக் கேமராவின் ஜெர்மானியம் லென்ஸுக்கும் இதையே பூசுகிறார்கள்.

இல்லத்தரசி: கீழே விழுந்தால் உடையாதா?

உடையும் அம்மா. படலம் கீறலைத்தான் தடுக்கும்.

பாலிடெக்னிக் மாணவர்: புராஜெக்டில் பூச்சு நன்றாக ஒட்டியதா என்று எப்படிப் பார்ப்பது?

தம்பி, முதலில் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று பிய்த்துப் பாருங்கள். வந்துவிட்டால் விதைப்பையோ சுத்தத்தையோ சரி செய்ய வேண்டும். வரவில்லை என்றாலும் உடனே ரிப்போர்ட் எழுதிவிடாதீர்கள். உள்ளே இறுக்கம் இருக்கும் படலம் காற்று ஈரம் பட்டு, பல மணி நேரம் கழித்தும் உரியும். ஒரு வாரம் வெளியே வைத்துவிட்டு, மறுபடி மைக்ரோஸ்கோப்பில் ஓரங்களைப் பாருங்கள்.