ஊற்றுவது எந்த எண்ணெய்?

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரின் செந்தோசாக் கடற்கரையில் 2024 ஜூனில் எண்ணெய் ஒதுங்கியதை வைத்து நண்பர்கள் சேர்ந்து இருபது நிமிட நாடகம் ஒன்று தயாரிக்கிறோம். கடைசிக் காட்சியில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் சின்னம் போட்ட சட்டையோடு ஒருவர் வந்து நடிகர்கள் மேல் கறுப்புப் பெயிண்ட் ஊற்றுவார். லண்டனில் எண்ணெய்க்கு எதிரான போராளிகள் வான்கோ ஓவியத்தின் மேல் சூப் வீசியது சரிதானா? இன்னொன்று: அப்பா எண்ணெய் ஆலைகள் இருக்கும் ஜூரோங் தீவில் இருபது வருடமாக வேலை பார்க்கிறார். அந்தச் சம்பளத்தில் படித்துவிட்டு இப்படி நாடகம் போடுவது உப்பிட்டவருக்குச் செய்யும் துரோகம் என்கிறார் அம்மா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., ஜூரோங் வெஸ்ட்

அன்புள்ள ம.,

அம்மாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அப்பா உழைத்தார், கூலி வாங்கினார், கணக்கு நேர். பாக்கி எதுவும் இல்லாதபோது நீங்கள் வாயை மூடிக்கொண்டு எதை அடைக்கப் போகிறீர்கள்? அம்மாவிடம் இதைக் கோபமில்லாமல் சொல்லுங்கள், அவர் பயப்படுவது உங்களுக்காகத்தான். சூப் விஷயம்: 2022 அக்டோபரில் வீசினார்கள், கண்ணாடி இருந்ததால் ஓவியம் தப்பியது. ஊரே பேசித் தீர்த்துவிட்டது, விடுங்கள்.

என்னை எழுத வைத்தது உங்கள் கடைசிக் காட்சி. எண்ணெய்க்கு எதிராகக் கலை செய்கிறவர்கள் ஏன் இத்தனை சோம்பேறிகளாக இருக்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கறுப்பாக எதையாவது ஊற்று, கையை உயர்த்து, விளக்கை அணை. வேலை முடிந்தது.

தம்பி, ஜூன் மாதக் கசிவில் ஷெல்லை எங்கே கண்டீர்கள்? ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றிருந்த மரின் ஹானர் என்ற எரிபொருள் நிரப்பும் கப்பலில், வாக்ஸ் மாக்சிமா என்ற நெதர்லாந்துக் கொடியேற்றிய தூர்வாரும் கப்பல் வந்து மோதியது. மோதிய கப்பலில் இயந்திரமும் சுக்கானும் திடீரென்று கட்டுப்பாடு இழந்தன என்று துறைமுக ஆணையம் சொன்னது. தொட்டி உடைந்து ஏறத்தாழ 400 டன் குறைகந்தக எரிஎண்ணெய் கடலில் கொட்டியது. ஷெல்லின் கசிவு வேறு. அது அக்டோபர் 20. புக்கோம் பெசார், புக்கோம் கெச்சில் என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே போகும் குழாயிலிருந்து 30, 40 டன் அளவுக்கு எண்ணெயும் தண்ணீரும் கலந்த கழிவு வெளியேறியது. இரண்டையும் போட்டுக் குழப்பினால், முன்வரிசையில் இருக்கும் ஒரே ஒரு ஜூரோங் தீவுத் தொழிலாளி சிரிப்பார். அதற்குப் பிறகு நீங்கள் என்ன ஊற்றினாலும் எடுபடாது.

ஜூன் கசிவைத்தான் எடுப்பேன் என்றால், இந்தத் துறைமுகத்தின் வியாபாரத்தை மேடையில் ஏற்றுங்கள். 2024இல் இங்கே கப்பல்களுக்கு விற்ற எரிபொருள் ஏறக்குறைய 55 மில்லியன் டன். உலகில் எந்தத் துறைமுகமும் இவ்வளவு விற்பதில்லை. ஒரு நிறுவனத்தின் சட்டையை மாட்டினால் மற்றவர்கள் எல்லாரும் தப்பிவிடுவார்கள், பார்க்க வந்தவர்கள் உட்பட.

லண்டன்காரர்களிடம் கற்க வேண்டுமானால் சூப்பை விட்டுவிட்டு லிபரேட் டேட் குழுவைப் பாருங்கள். டேட் பிரிட்டன் கலைக்கூடத்துக்கு பிபி எண்ணெய் நிறுவனம் நிதி கொடுத்துக்கொண்டிருந்த காலம். மெக்சிகோ வளைகுடாவில் பிபிக்காக எண்ணெய்க் கிணறு தோண்டிய டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்துப் பதினொரு பேர் இறந்ததன் முதலாண்டு நினைவு நாளான 2011 ஏப்ரல் 20 அன்று, கூடத்தின் தரையில் ஆடையில்லாமல் சுருண்டு கிடந்த ஒருவர் மேல் கரியும் சூரியகாந்தி எண்ணெயும் கலந்து ஊற்றினார்கள். நிகழ்ச்சி 87 நிமிடம். அந்தக் கிணறு கடலுக்குள் பீறிட்டது 87 நாள். இன்னொரு பக்கம் பிபி எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டு மூன்று வருடம் சட்டப் போராட்டம் நடந்தது. தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு 2015 ஜனவரியில் டேட் கணக்கைக் காட்டியது: 1990 முதல் 2006 வரை மொத்தம் 3.8 மில்லியன் பவுண்டு, வருடத்துக்குச் சராசரி 224,000. அவ்வளவு பெரிய இடத்தில் பெயர் போட்டுக்கொள்ள இவ்வளவுதான் விலை! நிதியுதவி 2017இல் நின்றது. வியாபாரச் சூழல் சரியில்லை என்றது பிபி. நம்புவது உங்கள் இஷ்டம்.

சோகாரி டக்ளஸ் கேம்ப் 2006இல், எண்ணெய் நிறுவனங்களை எதிர்த்துத் தூக்கிலிடப்பட்ட நைஜீரிய எழுத்தாளர் கென் சாரோ விவாவுக்காகச் செய்த எஃகுப் பேருந்தும் அப்படித்தான். அவரோடு தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர்கள் அதன் மேல் இருக்கும் எண்ணெய்ப் பீப்பாய்களில் உண்டு. தம் ஒகோனி இன மக்களை எண்ணெய் நிறுவனங்கள் இனப்படுகொலை செய்வதாகச் சாரோ விவா குற்றம் சாட்டிய வாசகம் பக்கவாட்டில் இருக்கிறது. 2015இல் நைஜீரியாவுக்கு அனுப்பியபோது லாகோஸ் துறைமுகத்தில் சுங்கத்துறை அதைப் பிடித்து வைத்தது. காரணம் அந்த வாசகம். வெறும் கறுப்புச் சாயம் என்றால் முத்திரை குத்தி அனுப்பியிருப்பார்கள்.

இனிப் பொருள். பெயிண்ட் வேண்டாம். தோல் எரியும், காய்ந்தால் உரியும், பார்க்கவும் பெயிண்ட் போலவே இருக்கும். பழைய எஞ்சின் எண்ணெய் நச்சு, தொடவே கூடாது. கரும்புப் பாகு பார்வைக்கு அசல், ஆனால் நம் ஊரில் அரை மணி நேரத்தில் எறும்பு வந்துவிடும். வீட்டிலேயே செய்யலாம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சோளமாவு. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, கொதிக்கும் தண்ணீரில் விட்டுக் கண்ணாடி போல் ஆகும்வரை கிண்டுங்கள். கரித்தூள் இரண்டு மேசைக்கரண்டி. நேராகப் போட்டால் மேலே மிதந்து திட்டுத் திட்டாக நிற்கும், அதனால் முதலில் 100 மில்லி கிளிசரினில் குழைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பும் அதில்தான் வரும். ஒரு கரண்டி கோக்கோ அவசியம்: கடலில் கொட்டும் எரிஎண்ணெய் மெலிந்து பரவும் ஓரத்தில் பழுப்பாகத் தெரியும், அலையில் அடிபட்டால் இன்னும் பழுப்பாகும். காலையில் கிண்டி மாலையில் ஊற்றிவிடுங்கள். மறுநாளானால் கட்டி தட்டிப் புளித்துவிடும். நடிகர்கள் உடம்பில் முதலிலேயே தேங்காயெண்ணெய் தடவினால் கரி சோப்பில் போகும். மாதிரியை அப்பாவிடம் காட்டுங்கள், இளக்கமா கெட்டியா என்று ஒரு கரண்டி ஊற்றிப் பார்த்தே சொல்லிவிடுவார். வாடைக்காக மண்ணெண்ணெய் தெளிக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அவரைக் குழுவிலிருந்து நீக்குங்கள். மூடிய அரங்கு, விளக்குச் சூடு.

அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும்: ஹோங் லிம் பூங்காவின் ஸ்பீக்கர்ஸ் கார்னருக்கு வெளியே பொது இடத்தில் ஒரே ஒருவர் அட்டை பிடித்து நின்றாலும் காவல்துறை அனுமதி வேண்டும். அரங்கில் போடுவதென்றால் உரிமம் பற்றி ஐஎம்டிஏ என்ற ஊடக ஆணையத்திடம் கேளுங்கள்.

நாடகம் முடிந்ததும் குழாயைத் திறந்து தரையைக் கழுவாதீர்கள். நம் மழைநீர்க் கால்வாய்களில் பெரும்பாலானவை நீர்த்தேக்கத்துக்குத்தான் போகின்றன. மரத்தூள் தூவி, ஊறவிட்டு, வாரிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தரையில் நிற்கும் கறையை ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம்.