வண்டி மோடம்: முதலில் வயர், அப்புறம் டவர்

வண்டிகளில் செல்லுலார் மோடம் பொருத்துவது பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். எதிர்பார்த்ததைவிட நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். இங்கே மோடம் என்று நான் சொல்வது, சிம், ஜிபிஎஸ், ஈதர்நெட் மூன்றும் ஒரே உலோகப் பெட்டியில் அடங்கிய, அதிர்வும் சூடும் தாங்கும் வகையை. வந்த கேள்விகளில் பாதி "நெட்வொர்க் சரியில்லை" என்றுதான் ஆரம்பிக்கின்றன. படித்துக்கொண்டே போனால் கோளாறு பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: அக்கா, ஒவ்வொரு முறை வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதும் மோடம் அணைந்து மறுபடி எழுகிறது. இரண்டு நிமிடம் கழித்துத்தான் மேப்பில் வண்டி தெரிகிறது. சிம் மாற்றினேன், ஃபர்ம்வேர் (மோடத்துக்குள் ஓடும் மென்பொருள்) மாற்றினேன், பலனில்லை.

பதில்: சிம்மையும் ஃபர்ம்வேரையும் விட்டுவிடுங்கள். மோடத்துக்குக் கரண்ட் எங்கிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அநேகமாக ரேடியோவுக்குப் போகும் ஆக்சசரி லைனில் இருந்து எடுத்திருப்பார்கள். சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பினால் பல வண்டிகளில் அந்த லைன் துண்டாகிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு முழு பலமும் போகட்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள்.

மோடத்துக்கு மூன்று வயர் தேவை. ஒன்று, பேட்டரி ப்ளஸ்ஸில் இருந்து நேராக வரும், எப்போதும் கரண்ட் இருக்கும் லைன். இதன் ஃபியூஸ் பேட்டரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். மோடத்தின் பக்கத்தில் ஃபியூஸ் போட்டால், நடுவழியில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. இரண்டாவது, எர்த். மூன்றாவது, இக்னிஷன். அதாவது சாவி போட்டதும் உயிர் பெற்று, ஸ்டார்ட் அடிக்கும்போதும் அறுபடாத லைன். ஜெர்மன் தரப்படி வரைந்த வயரிங் படங்களில் இவை 30, 31, 15 என்ற எண்களில் இருக்கும். வயர் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

எர்த் பற்றி ஒரு அனுபவம். ஒரு பேருந்தில் எல்லா வயரும் சரியான இடத்தில்தான் இருந்தது, ஆனாலும் இதே தொல்லை. மீட்டரை மோடத்தின் ப்ளக்கிலேயே வைத்து, டிரைவரை ஸ்டார்ட் அடிக்கச் சொன்னேன். பேட்டரி முனையில் 10.2 வோல்ட், ப்ளக்கில் 8.1. அந்த மோடத்துக்குக் குறைந்தது 9 வேண்டும். பிறகு ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை மோடத்தின் கறுப்பு வயரிலும் வைத்ததும் தொலைந்த 2 வோல்ட் அங்கேயே தெரிந்தது. எர்த் லக்கை (வயர் முனையில் இருக்கும் உலோக வளையத்தை) பெயின்ட் மேலேயே வைத்து போல்ட்டை முடுக்கியிருந்தார்கள். வண்டி சும்மா நிற்கும்போது இழப்பு ஒரு வோல்ட் அளவுதான், யார் கண்ணிலும் படாது. ஆனால் வோல்டேஜ் இறங்க இறங்க, அதே வாட்டைப் பெற மோடம் அதிக ஆம்பியர் இழுக்கும். இழுக்க இழுக்க அந்தப் பெயின்ட் இடத்தில் இழப்பும் கூடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெறும் உலோகம் பளபளக்கும் வரை சுரண்டி, லக்கை இறுக்கிக் கொஞ்சம் கிரீஸ் தடவினோம். அதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

கேள்வி: (அதே தம்பி, இரண்டு வாரம் கழித்து) அக்கா, நேரடி லைனுக்கு மாற்றிவிட்டேன், ஸ்டார்ட்டில் அணைவதில்லை. ஆனால் ஒரு வாரம் நிறுத்தியிருந்த வண்டி இப்போது ஸ்டார்ட்டே ஆகவில்லை!

பதில்: இக்னிஷன் வயரை இணைத்திருக்கிறீர்கள், ஆனால் மோடத்தின் செட்டிங்கில் அதைப் பயன்படுத்தச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். கணக்குப் போடுவோம். 3 வாட் இழுக்கும் மோடம் 12 வோல்ட்டில் 0.25 ஆம்பியர் எடுக்கும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி 240 மணி நேரத்தில், அதாவது 10 நாளில் முழுதாகக் காலி. ஸ்டார்ட்டரைச் சுற்றும் பலம் அதற்கு வெகுநாள் முன்பே போய்விடும். பேட்டரி பழையது என்றால் இன்னும் சீக்கிரம்.

செட்டிங்கில் இரண்டு விஷயம் தேடுங்கள். ஒன்று, இக்னிஷன் அணைந்து எத்தனை நிமிடம் கழித்துத் தூங்கப் போவது என்பது. 15 முதல் 30 நிமிடம் வைத்தால் டீசல் போட இறங்கி ஏறினாலும் இணைப்பு அறுபடாது. இன்னொன்று, பேட்டரி எந்த வோல்ட்டுக்கு இறங்கினால் காத்திருக்காமல் உடனே தூங்குவது என்பது. 12 வோல்ட் வண்டிக்கு நான் 11.8 அளவில் வைப்பேன். நிறுத்திய வண்டியையும் பார்க்க வேண்டுமென்றால், சில மணிக்கு ஒருமுறை விழித்து இருப்பிடம் சொல்லிவிட்டு மறுபடி தூங்கும் வசதி பல மாடல்களில் உண்டு. அது போதும்.

கேள்வி: 24 வோல்ட் லாரிக்கு அதே மோடம் ஆகுமா, கன்வெர்ட்டர் போட வேண்டுமா?

பதில்: பெட்டியில் 9 முதல் 36 வோல்ட் என்று போட்டிருந்தால் நேராகவே கொடுக்கலாம். 24 என்று சொன்னாலும் இன்ஜின் ஓடும்போது 28 வோல்ட் வரை இருக்கும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி முனை கழன்றால் லைனில் ஒரு பெரிய அடி வரும். பாதுகாப்பு இல்லாத 12 வோல்ட் அமைப்பிலேயே அது 100 வோல்ட் அருகே போகும், 24-இல் இன்னும் அதிகம். இப்படிப்பட்ட அடிகளுக்கான சோதனைத் தரங்களான ஐஎஸ்ஓ 7637-2, 16750-2 என்ற எண்கள் தயாரிப்பாளரின் விவரத்தாளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டு ரவுட்டரைக் கன்வெர்ட்டர் வைத்து வண்டியில் ஓட்டுவது எனக்குச் சம்மதமே இல்லை.

கேள்வி: மேடம், எங்கள் சர்வரில் வண்டிகள் எல்லாம் ஓடும் சாலையை விட்டு முப்பது கிலோமீட்டர் தள்ளித் தெரிகின்றன. ஜிபிஎஸ் ஆண்டெனாவை மாற்றிவிட்டோம். வேகமும் பாதிதான் காட்டுகிறது.

பதில்: ஆண்டெனா மேல் எந்தத் தவறும் இல்லை. ஜிபிஎஸ் கோளாறு மீட்டர் கணக்கில் இருக்கும். முப்பது கிலோமீட்டர் என்றால் அது கணக்குக் கோளாறு.

மோடம் அனுப்புவது என்எம்இஏ 0183 வரிகள், அதாவது ஜிபிஎஸ் கருவிகள் இருப்பிடத்தை எழுதும் பொதுவான வடிவம். அதில் அட்சரேகை 1045.3000 என்று வந்தால், முதல் இரண்டு இலக்கம் பாகை, மீதி கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு). அதாவது 10 பாகை 45.3 கலை. கலையை 60-ஆல் வகுக்க வேண்டும்: 45.3-ஐ 60-ஆல் வகுத்தால் 0.755. ஆகவே சரியான இடம் 10.755 பாகை. உங்கள் சர்வர் எழுதியவர் புள்ளியை மட்டும் நகர்த்தி 10.453 என்று எடுத்திருப்பார். வித்தியாசம் 0.302 பாகை. ஒரு பாகை அட்சரேகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்பதால் 33 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தீர்க்கரேகையில் முதல் மூன்று இலக்கம் பாகை என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

வேகமும் இதே கதைதான். அந்த என்எம்இஏ வரிகளில் ஒன்றான ஆர்எம்சி வரியில் வேகம் நாட் அலகில் வரும், 1.852-ஆல் பெருக்க வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 32.4 என்று காட்டும். அதே வரியில் நேரத்துக்குப் பக்கத்தில் ஏ அல்லது வி என்று ஒரு எழுத்து வரும். வி என்றால் அந்த இருப்பிடத்தை நம்ப வேண்டாம் என்று பொருள். அந்த வரிகளைத் தூக்கி எறியச் சொல்லுங்கள், சுரங்கப்பாதைக்குள் வண்டி தாவுவது குறையும்.

கேள்வி: பழைய மோடங்கள் கொஞ்சம் கைக்கு வந்தன. இருப்பிடம் துல்லியம், ஆனால் தேதி மட்டும் கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னால்!

பதில்: பழைய ஜிபிஎஸ் சிக்னல் வாரத்தை 10 பிட்டில் எண்ணுகிறது. 1,024 வாரம் ஆனதும் மறுபடி பூஜ்ஜியம். 1999 ஆகஸ்டில் ஒருமுறை, 2019 ஏப்ரல் 6-இல் ஒருமுறை அது சுழன்றது. அடுத்தது 2038 நவம்பரில். ரிசீவர் செய்பவர்கள் ஃபர்ம்வேரில் ஒரு அடிப்படைத் தேதி வைத்துச் சமாளிப்பார்கள் என்பதால், ஒவ்வொரு மாடலும் வேறு வேறு நாளில் கவிழும். இருப்பிடக் கணக்கை இது தொடாது. புது ஃபர்ம்வேர் இருந்தால் ஏற்றுங்கள். இல்லையென்றால் சர்வரில் 7,168 நாளைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் அவை 3ஜி மட்டும் பேசுபவையா என்று பார்த்துவிடுங்கள். பல நாடுகளில் 3ஜியை மூடிவிட்டார்கள். அப்படியென்றால் அவற்றுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: சிக்னல் முழுக் கட்டையும் காட்டுகிறது, கேமரா வீடியோ மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது.

பதில்: கட்டைகளைப் பார்க்காதீர்கள். மோடத்தின் நிலைப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது டவர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பது: மைனஸ் 85 நன்று, மைனஸ் 100 பரவாயில்லை, மைனஸ் 110-க்குக் கீழே சிரமம். இரண்டாவது, இரைச்சலுக்கு நடுவே எவ்வளவு தெளிவு என்பது: 20-க்கு மேல் அருமை, பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் கட்டை முழுதாக இருந்தும் வேகம் இருக்காது.

அப்புறம் ஆண்டெனா. எல்டிஇ (4ஜி) மோடத்தில் செல்லுலாருக்கு இரண்டு துளை இருக்கும், இரண்டிலும் ஆண்டெனா வேண்டும். ஒன்றைக் காலியாக விட்டுவிட்டு வேகம் இல்லை என்பவர்களை நிறையப் பார்க்கிறேன். மெல்லிய கேபிளில் மீட்டருக்கு ஒரு டெசிபெல்லும் அதற்கு மேலும் இழப்பு உண்டு. 3 டெசிபெல் போனால் பாதி சக்தி போய்விட்டது. ஐந்து மீட்டர் கேபிளைச் சுருட்டி டேஷ்போர்டுக்குள் திணிக்காமல், தேவையான நீளத்துக்கு வாங்குங்கள். சில ஆண்டெனாக்களுக்கு அடியில் உலோகத் தகடு வேண்டும். ஃபைபர் கூரை வண்டி என்றால் அது தேவைப்படாத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

ஜிபிஎஸ் துளையும் செல்லுலார் துளையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாற்றி மாட்டிவிடாதீர்கள். ஜிபிஎஸ் துளையில் ஆண்டெனாவுக்காக 3 முதல் 5 வோல்ட் வரும், மீட்டர் வைத்தால் தெரியும்.

கேள்வி: நின்ற வண்டி மேப்பில் நூறு மீட்டர் சுற்றிச் சுற்றி நடக்கிறது.

பதில்: கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சிக்னலால் வருவது. இக்னிஷன் அணைந்திருக்கும்போது கடைசி இருப்பிடத்தையே பிடித்துவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் இருந்து மோடத்துக்குள் நுழைய முடியவில்லை. ஐபி முகவரி 100.72 என்று ஆரம்பிக்கிறது. இணையத்தில் என் வண்டி இருக்கிறதா இல்லையா, சார்?

பதில்: (சார் இல்லை, அக்கா என்றே கூப்பிடுங்கள்.) உங்கள் வண்டியால் வெளியே போக முடியும், வெளியில் இருந்து அதைக் கூப்பிட முடியாது. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகளை, சந்தாதாரர்களுக்கு உள்ளுக்குள் பகிர்ந்து கொடுக்கவென்றே 2012-இல் ஒதுக்கினார்கள். ஆயிரக்கணக்கான சிம்கள் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிற்கின்றன.

பொது ஐபி கேட்டு அலைய வேண்டாம். வண்டியில் இருந்து உங்கள் சர்வருக்கு ஒரு விபிஎன் சுரங்கம் (இணையத்துக்குள்ளேயே மற்றவர் நுழைய முடியாத தனி வழி) போடுங்கள், வண்டியே கூப்பிடட்டும். வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் என்றால் 25 நொடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்பு அனுப்பும்படி வைத்தால் வழி மூடாது. நான் பொது ஐபியை விரும்பாததற்கு இன்னொரு காரணம் உண்டு. 2016-இல் மிராய் என்ற தீநிரல் பெருமளவு பரவியது, பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கருவிகளில்தான். முதல் நாளே கடவுச்சொல்லை மாற்றுங்கள், நிர்வாகப் பக்கத்தை விபிஎன் வழியாக மட்டும் திறங்கள்.

இதில் எல்லோரும் இடறும் ஒரு இடம்: ஒரே மாடல் மோடம் எல்லாமே பெட்டியில் இருந்து வரும்போது உள்ளே ஒரே முகவரி வரிசையில்தான் வரும். விபிஎன்னில் சேர்த்ததும் எந்த வண்டியின் கேமரா எது என்று சர்வருக்குத் தெரியாது. முதலாம் வண்டிக்கு 10.20.1.0, இரண்டாம் வண்டிக்கு 10.20.2.0 என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். ஐம்பது வண்டி ஓட ஆரம்பித்த பிறகு இதை மாற்றுவது பெரிய வேதனை.

கேள்வி: எத்தனை நொடிக்கு ஒருமுறை இருப்பிடம் அனுப்பலாம்? டேட்டா தாங்குமா?

பதில்: 60 கிலோமீட்டர் வேகத்தில் 30 நொடிக்குள் வண்டி 500 மீட்டர் போய்விடும். அதற்குள் இரண்டு திருப்பம் வந்தால் மேப்பில் கோடு வீடுகளின் மேல் ஏறிப் போகும். நொடியைக் குறைப்பதைவிட, திசை குறிப்பிட்ட அளவு மாறினால் உடனே அனுப்பு என்று சொல்வது நல்லது. டேட்டா பற்றிப் பயம் வேண்டாம். யுடிபியில் (இணைப்பு திறக்காமலே செய்தியை அனுப்பும் முறை) ஒரு செய்தி 128 பைட் என்று வைத்துக்கொண்டால், 30 நொடிக்கு ஒன்று வீதம் 10 மணி நேர ஓட்டத்தில் 1,200 செய்தி, மாதம் 5 எம்பிக்குள் முடியும். ஒவ்வொரு செய்திக்கும் புதிதாகப் பாதுகாப்பு இணைப்பு திறந்து மூடினால்தான் இது பல மடங்காகும். சிக்னல் இல்லாத இடத்தில் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பும் வசதியை மறக்காமல் இயக்குங்கள்.

கேள்வி: அக்கா, வேலைக்குப் புதிது. நாற்பது வண்டிக்கு மோடம் வந்து இறங்கியிருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: தம்பி, நாற்பதையும் ஒரே வாரத்தில் மாட்டிவிடாதே. ஒரு வண்டியில் மாட்டி ஒரு வாரம் ஓட விடு. வாரக் கடைசியில் மோடம் எத்தனை முறை தானாக எழுந்தது என்று பதிவுகளில் எண்ணிப் பார். டிரைவர் சாவி போட்ட தடவைகளைவிட அது அதிகமென்றால் வயரிங்கை மறுபடி பார். எண்ணிக்கை ஒத்துப்போனதும் அந்த வண்டியின் செட்டிங்கைக் கோப்பாக எடுத்து மற்றவற்றில் ஏற்று. வண்டிக்கு வண்டி மாறுவது முகவரி வரிசையும் விபிஎன் சாவியும் பெயரும் மட்டும்தான்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஐஎம்இஐ (மோடத்தின் அடையாள எண்), சிம் எண், எந்த இடத்தில் கரண்ட் எடுத்தோம் என்பதை எழுதிவை. மூடியைப் பூட்டுவதற்கு முன்னால் ஃபியூஸ் இருக்கும் இடத்தையும் எர்த் போல்ட்டையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள். இரண்டு வருடம் கழித்து அந்த வண்டியைப் பார்க்க வேறு யாராவது வருவார்கள். டேஷ்போர்டைக் கழற்றாமலே அவர்கள் கை நேராக ஃபியூஸுக்குப் போகும்.