பிஹெச் (அமிலத்தன்மை) மாறினால் மின்னேற்றம் பெறும் கொழுப்புத் துகளான லிப்பிட் நானோதுகளுக்குள், புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏ 95% அடைபடுகிறது. ஆனால் செல்லில் புரதமே உருவாகவில்லை. எங்கே தவறு?

அந்த 95% சரக்கு ஏறியதற்கு மட்டும்தான் சாட்சி, இறங்கியதற்கு அல்ல. நன்றாக வேலை செய்யும் துகளிலேயே, செல்லுக்குள் போனதில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் எண்டோசோமை (செல் உள்ளிழுத்ததை அடைத்து வைக்கும் அமிலப் பை) விட்டுத் தப்பி, புரதம் உருவாகும் இடமான சைட்டோபிளாசம் சேர்கிறது.

முதலில் பிகேஏவைப் பாருங்கள், அதாவது லிப்பிடில் பாதி மின்னேற்றம் பெறும் பிஹெச். லிப்பிட் மூலக்கூறுக்குக் கணக்கிட்ட எண் (9ஐ ஒட்டி இருக்கும்) இங்கே உதவாது. துகளுக்குள் அது இரண்டு மூன்று அலகு இறங்கிவிடும். மின்னேற்றம் பெற்ற லிப்பிடில் ஒட்டினால் ஒளிரும் டிஎன்எஸ் சாயம் 6 மைக்ரோமோலார் எடுத்து, பிஹெச் 3 முதல் 10 வரை அரை அரையாகக் கரைசல் வைத்து, 321 நானோமீட்டரில் தூண்டி 445இல் அளவிடுங்கள். ஒளிர்வு உச்சத்தின் பாதியைத் தொடும் பிஹெச்தான் உங்கள் எண். கல்லீரலுக்கு 6.2 – 6.5 நல்லது, 2018இல் அனுமதி பெற்ற பேடிசிரான் மருந்தில் உள்ள எம்சி3 லிப்பிடுக்கு 6.44. மிகவும் குறைந்தால் எண்டோசோமில் போதிய மின்னேற்றம் ஏறாது, சரக்கு லைசோசோம் என்ற செரிமானப் பையில் சிதையும். 7ஐத் தாண்டினால் ரத்தத்திலேயே மின்னேற்றம் வந்து தொல்லை.

பிகேஏ சரி என்றால் அடுத்த சந்தேகம் துகளின் மேற்பரப்பைப் போர்த்தும் பெக் லிப்பிட் மேல். 14 கார்பன் வால் சீக்கிரம் கழன்றுவிடும். 18 கார்பன் வால் கழலாமல் துகளைப் போர்த்தியே வைத்திருக்கும், செல் அதைத் தொடவே தொடாது. மொத்த லிப்பிடில் பெக் லிப்பிட் 1.5 மோல் சதவீதம் போதும்.

சீரம் (ரத்தத் தெளிநீர்) இல்லாத ஊடகத்தில் சோதித்தீர்களா? எம்சி3 வகைத் துகள் சீரத்தில் உள்ள அப்போஈ புரதத்தைப் போர்த்திக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகிறது. மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அப்போஈ சேர்த்து மறுபடி பாருங்கள். பல "தோல்விகள்" இதிலேயே தீரும்.

லிப்பிடின் நைட்ரஜனுக்கும் எம்ஆர்என்ஏவின் பாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதத்தையும் சரிபாருங்கள். எம்ஆர்என்ஏவுக்கு 6 என்றால் 100 மைக்ரோகிராமுக்கு எம்சி3 சுமார் 1.17 மில்லிகிராம். எத்தனாலில் கரைத்த லிப்பிடை எம்ஆர்என்ஏ கரைசலோடு கலந்த பிறகு 25% எத்தனால் மிஞ்சும். உடனே டயாலிசிஸ் (சவ்வு வழியே எத்தனாலை வெளியேற்றுதல்) செய்து பிஹெச் 7.4க்குக் கொண்டுவாருங்கள், தாமதித்தால் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகிவிடும்.

"எல்லா லிப்பிடுக்கும் இதே பிகேஏ எண்ணா?" என்று சண்டைக்கு வராதீர்கள், தசை ஊசிக்கு உகந்த பிகேஏ சற்று மேலே போகும். என் எரிச்சல் வேறு: அடைப்புச் சதவீதத்தைப் பெரிய எழுத்தில் போடும் கட்டுரைகளில் பல, பிகேஏ அளந்த கரைசலின் உப்புச் செறிவைச் சொல்வதே இல்லை. உப்பு மாறினால் எண்ணும் மாறும், பிறகு எதை எதோடு ஒப்பிடுவது?